எல்பர்ட் தலைமாட்டில் ஒரு கொடி

சட்டனூகா, டென்னசி
27 ஏப்ரல் 2017

அன்புள்ள ராய்ஸ் அத்தானுக்கு,

ஆனிஸ் எழுதுவது. எல்பர்ட் போனபின் ஊரை விட்டு இங்கே மகள் கோரின் வீட்டுக்கு வந்துவிட்ட நானும் அவளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஃபெர்ன் அக்காவுக்குச் சர்க்கரை குறைந்ததா?

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் வரும். அதில் இருப்பது உங்கள் கொடி. செவ்வாய்க்கிழமை எல்பர்ட்டின் கல்லறைக்கு வந்திருந்தேன். அவர் தலைமாட்டில் கான்ஃபெடரேட் கொடி ஒன்று நட்டிருந்தது. நீங்களும் உங்கள் வம்சாவளிச் சங்கத்தாரும் ஏப்ரல் மாதம் அந்த உள்நாட்டுப் போரில் தெற்குக்காகச் சண்டையிட்டவர்களுக்குக் கொடி நடுவீர்கள். அதைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் உங்கள் தம்பி எந்தப் போருக்கும் போனவர் இல்லை. தபால் வண்டி ஓட்டியவர். அவருக்கு அது வேண்டாம்.

குச்சி உடையாமல்தான் பிடுங்கினேன். மண்ணைத் தட்டி, மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் பொருள் உங்களிடமே இருக்கட்டும். அவர் கல்லறைக் கல் எப்போது தயாராகும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.

ஆனிஸ்

*

ஹார்லி கிரீக், அலபாமா
4 மே 2017

அன்புள்ள ஆனிஸ்,

முழங்கால் மாடிப்படி ஏறவிடல. ஃபெர்ன் நல்லா இருக்கா. கோரினைக் கேட்டதாச் சொல்லு.

பொட்டலம் வந்ததும் நீ ஏதோ பரிசு அனுப்பியிருக்கன்னு நெனச்சு ஃபெர்ன் கத்தரிக்கோல் எடுத்துட்டு வந்தா. பிரிச்சுப் பாத்துட்டு கத்தரிக்கோலோட உள்ள போயிட்டா.

நான் அன்னிக்கே போயி வேற கொடி நட்டுட்டேன். எல்பர்ட் போருக்குப் போகல, சரி. அவன் கொள்ளுத்தாத்தா ஏசா பெவில் போனார். அந்தக் கொடிக்குக் கீழ ஒரு காலை விட்டுட்டு வந்து, மிச்சக் காலோட ஏர் பிடிச்சார். அடிமைன்னு ஒரு ஆளைக்கூட அவர் வெச்சிருக்கல. அதே இடுகாட்டுல எல்பர்ட்டுக்கு மூணு வரிசை தள்ளிப் படுத்திருக்கார். இன்னிக்கு டிவியில வர்றவனுங்க எல்லாம் அவரைக் கொலைகாரன்ங்கறானுங்க. நாம பாத்துக்கிட்டு இருக்கணுமாம்.

எங்க நாலு பேர் பாட்டுக் குழுவுல எல்பர்ட்தான் அடிக்குரல். திருவிழா மேடையில கடைசியா அந்தப் போர்க்காலத்துத் தென்னாட்டுப் பாட்டுக்கு வருவோம். அவன் அடித்தொண்டையில ஆரம்பிச்சதுமே ஜனம் மொத்தமும் நெஞ்சுல கை வெச்சு எழுந்திரிக்கும். அப்படிப்பட்டவன் கடைசி ரெண்டு வருஷமாப் பாட வரல. கேட்டா தொண்டை சரியில்லன்னான். அவனுக்கு வந்த தொண்டைவலிக்குப் பேரு ஆனிஸ்னு எனக்குத் தெரியாதா?

கல்லுக்குச் சொல்லிட்டேன். பேருக்கு மேல கொடி செதுக்கச் சொல்லியிருக்கேன். நம்ம குடும்பக் கல்லறை மனை அது. எங்கப்பா வாங்கிப் போட்டது.

உடம்பைப் பாத்துக்கோ.

ராய்ஸ்

*

சட்டனூகா
22 மே 2017

ராய்ஸ் அத்தானுக்கு,

நலம். உங்கள் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன்.

இரண்டாவது கொடியையும் அனுப்பியிருக்கிறேன். கல் வெட்டுபவரிடம் நானே பேசிவிட்டேன். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. வேறு எதுவும் செதுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மனை உங்கள் அப்பா வாங்கியது. படுத்திருப்பவர் என் புருஷன்.

ஏசா தாத்தாவைப் பற்றி நான் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. எல்பர்ட்டின் தொண்டையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஆனிஸ்

*

ஹார்லி கிரீக்
13 ஜூன் 2017

ஆனிஸ்,

இங்க எல்லாரும் சுகம். அங்க எப்படின்னு கோரின் ஃபெர்னுக்கு போன் பண்ணிச் சொல்லுது. நீ ஒண்ணும் எழுதறதில்ல.

பதில் இல்லன்னு எழுதியிருக்க. பதில் இருக்கறவங்கதான் அப்படி எழுதுவாங்க. அவனுக்குத் தொண்டை வலின்னு சொன்னப்ப நான் பாட்டில் பாட்டிலா தேன் கொண்டாந்து கொடுத்தேன். வாங்கி வெச்சுக்கிட்டு தேங்க்ஸ்னான். அண்ணன் தேனைத் தின்னுட்டு அண்ணனுக்கு எதிரா பொண்டாட்டி பேச்சைக் கேட்டிருக்கான்.

நம்ம பள்ளிக்கூடத்து பேண்டுல இந்த வருஷத்துலேருந்து அந்தப் பாட்டு கிடையாதாம். நானும் எல்பர்ட்டும் ட்ரம்பெட் வாசிச்ச பேண்டு. யாரோ ரெண்டு மூணு அம்மாக்கள் போயி மனு கொடுத்தாங்களாம். திருவிழாக் கமிட்டிக்காரன் எனக்கு போன் போட்டு, "ராய்ஸ், நீங்க வந்து பாடுங்க, சர்ச் பாட்டெல்லாம் பாடுங்க, கடைசிப் பாட்டு மட்டும் வேண்டாம்"ங்கறான். அவன் அப்பன் முன்வரிசையில உக்காந்து அந்தப் பாட்டுக்கு அழுதவன். கடைசிப் பாட்டு இல்லன்னா எந்தப் பாட்டும் இல்லன்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே வர்றாங்க. வெளியாளுங்க எடுத்தா சண்டை போடலாம். நீ வீட்டுக்குள்ளேருந்து எடுக்கற.

இன்னொண்ணு. எல்பர்ட் பக்கத்துல யாரோ வந்து உக்காந்துட்டுப் போறாங்க. மடக்கு நாற்காலியோட கால் பதிஞ்ச தடம் புல்லுல இருக்கு. நம்ம ஆளுங்க யாரும் இல்ல, விசாரிச்சுட்டேன். கொடியைப் பிடுங்க ஆள் வெச்சிருக்கியா?

மூணாவது கொடி நட்டாச்சு.

ராய்ஸ்

*

சட்டனூகா
3 ஜூலை 2017

ராய்ஸ் அத்தானுக்கு,

சுகம்.

ஆள் எதற்கு? எனக்குக் கார் ஓட்டத் தெரியும். இங்கிருந்து புறப்பட்டு வந்து, என் கையால் பிடுங்கி, என் கையால் தபாலில் சேர்க்கிறேன். மூன்றாவதும் இத்துடன் வருகிறது.

அங்கே வந்து உட்காருபவர் யாராக இருந்தாலும் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். உங்களை என்ன செய்தார்?

ஆனிஸ்

*

ஹார்லி கிரீக்
21 ஜூலை 2017

ஆனிஸ்,

முழங்கால் வலியோட எழுதறேன். ஃபெர்ன் நேத்திலேருந்து எங்கிட்ட பேசல.

உன் ஆளைப் பிடிச்சுட்டேன். நேத்து வியாழக்கிழமை மத்தியானம் வேலிக்குக் கம்பி வாங்கப் போனவன், சர்ச் பக்கம் வண்டியைத் திருப்பினேன். எல்பர்ட் கால்மாட்டுல ஒரு கறுப்பன், என் வயசு இருக்கும், மடக்கு நாற்காலியில சாஞ்சு கண்ணை மூடி உக்காந்திருந்தான். தொப்பி முழங்கால் மேல. தலைமாட்டுல நாலாவது கொடியைக் காணோம். நான் நட்டு ஒரு வாரம்கூட ஆகல.

யாரு நீன்னு கேட்டேன். பேரு லூஷியஸ் பெட்வேயாம், எல்பர்ட்டுக்குச் சிநேகிதனாம்.

"என் தம்பிக்கு அப்படி ஒரு சிநேகிதன் இருந்ததா எனக்குத் தெரியாது"ன்னேன்.

"உங்களை எனக்குத் தெரியுங்க. நீங்க ராய்ஸ். உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவார்."

"கொடி எங்க?"

"நான் வந்தப்ப இல்லீங்க."

"இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"இருந்தப்பவும் வந்து உக்காந்துட்டுத்தான் போயிருக்கேன்"னான்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கல. திமிரா, பயமா, என்னன்னு புரியல. எழுந்து போன்னேன். போறேன், கொஞ்சம் நிதானம் வரட்டும், இப்ப எழுந்தா தலை சுத்தும்னான். நடிக்கறான்னு நெனச்சேன். ஷெரிஃப் ஆபீசுக்கு போன் போட்டேன். அங்கேருந்து டெபுடி போலீஸ் ஒருத்தன் வந்து, இனிமே இந்த நிலத்துல கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பி வெச்சான். அவ்வளவுதான்.

உனக்குத் தெரியணும்னு எழுதினேன். அவனை அனுப்பினது நீதான்னா, அடுத்த தடவை நீயே வா.

ராய்ஸ்

*

சட்டனூகா
26 ஜூலை 2017

திரு. ராய்ஸ் பெவில் அவர்களுக்கு,

இன்று உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நாலாவது கொடியைப் பிடுங்கியது நான். புதன்கிழமை. தபாலில் சேர்ப்பதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். கோரின் லூஷியஸின் மகளிடம் பேசினாள். டெபுடி அவரை எழுப்பி, கார் மேல் இரண்டு கையையும் வைத்து நிற்கச் சொன்னான். ஜூலை வெயில். காருக்குள் எதையோ தேடினான். தேடி முடிப்பதற்குள் அவர் கீழே விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. இதெல்லாம் நடந்தபோது நீங்கள் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். லூஷியஸ் மார்லோ டவுன் ஆஸ்பத்திரியில் இன்னும் இருக்கிறார்.

அவர் நடிக்கவில்லை. சிறுநீரகம் போனவர். செவ்வாய், வியாழன், சனி காலையில் மார்லோ கிளினிக்கில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர். எல்பர்ட்டுக்கும் அதே நோய், அதே நாள், அதே நேரம், அடுத்த நாற்காலி. ஊசி குத்திய கையை அசைக்க முடியாமல் இரண்டு பேரும் ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டு ஃபுட்பால் சண்டை போடுவார்களாம். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி எல்பர்ட் தவித்தபோது, திராட்சையை உறைய வைத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். எங்கள் ஃப்ரீசரில் திராட்சையைப் பார்த்து நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

உங்களிடம் சொல்லாதே என்று எல்பர்ட் என்னைக் கேட்டுக்கொண்ட ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன். அவர் என்னைத் திட்டினால் திட்டட்டும்.

கடைசியாக நீங்கள் நாலு பேரும் திருவிழாவில் பாடியபோது, லூஷியஸை வரச்சொன்னது எல்பர்ட். "நான் பாடறேன், வந்து கேளுங்க" என்று. அவர் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார். சர்ச் பாட்டுகளுக்கெல்லாம் கை தட்டினார். பிறகு உங்கள் கடைசிப் பாட்டு. பின்னால் அந்தப் பெரிய கொடி. எத்தனையோ வருஷமாகப் பாடி வந்ததால், அந்தப் பாட்டு வருமே என்று எல்பர்ட்டுக்கு முன்கூட்டித் தோன்றவே இல்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். லூஷியஸ் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே போகவும் இல்லை. அழைத்தவர் மேடையில் இருக்கிறாரே. நாம் ஏன் நிற்கவில்லை என்று அந்தக் குழந்தை கேட்டது எல்பர்ட் காதில் விழுந்தது. அவர் பாட்டை முடித்தார். நடுவில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கிளினிக்கில் லூஷியஸ், "உங்களுக்கு நல்ல குரல், எல்பர்ட்" என்றாராம். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்பர்ட் வீட்டுக்கு வந்து காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

பாடக் கூடாது என்று நான் தடுக்கவில்லை. அவராகத்தான் நிறுத்தினார். காரணம் சொன்னால் அண்ணன் மனசு புண்படும், தொண்டை என்று சொல்லிவிடுகிறேன் என்றார். தேன் பாட்டில் வரும்போதெல்லாம் அவர் முகம் வாடிப்போகும்.

ஆனிஸ்

*

சட்டனூகா
20 செப்டம்பர் 2017

திரு. ராய்ஸ் பெவில் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஃபெர்ன் அக்கா காலில் புண் என்று கோரின் சொன்னாள். ஆறிவிட்டதா?

எல்பர்ட்டை அங்கிருந்து எடுத்து மார்லோ நகராட்சிக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க கோர்ட்டில் மனு கொடுத்திருக்கிறேன். வக்கீலிடமிருந்து காகிதம் வரும். வந்து திடுக்கிட வேண்டாம் என்று முன்னதாகவே எழுதுகிறேன்.

லூஷியஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். நடை தளர்ந்துவிட்டது. உங்கள் சர்ச் நிலத்தில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்கிறார். அவர் மகளும் விடமாட்டாள்.

ஆனிஸ்

*

ஹார்லி கிரீக்
2 அக்டோபர் 2017

ஆனிஸ்,

ஃபெர்னுக்குப் புண் ஆறிட்டு வருது.

நீ எழுதினதைப் பல தடவை படிச்சேன். எல்பர்ட் சொல்லாதேன்னு சொன்னதை நீ சொல்லிட்ட. அவன் என்னைக் காப்பாத்தத்தான் மறைச்சான். நீ என்னைக் குத்தறதுக்காக எடுத்து வெளிய போட்ட. எந்தம்பி என்னால தலைகுனிஞ்சான்னு தெரிஞ்சுக்கிட்டு நான் மிச்ச நாளை ஓட்டணும். இதை நான் மன்னிக்க மாட்டேன். தெளிவா எழுதிட்டேன்.

அந்தக் கொடி எங்க வீட்டு முன்னாடி பறக்குது. அதை இறக்கப் போறதில்ல. ஏசா பெவிலுக்கு நட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்.

ஆனா எல்பர்ட்டுக்கு நட மாட்டேன். கல்லுல நீ சொன்னபடியே பேரும் தேதியும் மட்டும் இருக்கட்டும். அந்த ஆள் வரட்டும், நான் ஷெரிஃப்கிட்ட சொல்லிடறேன். வியாழக்கிழமை மத்தியானம் நான் அந்தப் பக்கமே வரல. இதுக்கு மேல எங்கிட்ட என்ன இருக்கு?

அவனை எடுக்காதே. அவனுக்கு ஒரு பக்கம் அம்மா படுத்திருக்கா. இன்னொரு பக்கம் எனக்குன்னு விட்ட இடம்.

ராய்ஸ்

*

சட்டனூகா
24 அக்டோபர் 2017

ராய்ஸ் அத்தானுக்கு,

அக்காவுக்குப் புண் ஆறுவது கேட்டு நிம்மதி.

நீதிபதி அனுமதி கொடுத்துவிட்டார். நவம்பர் பதினைந்து, புதன்கிழமை. உங்கள் கடிதம் ஜூலையிலேயே வந்திருந்தால் நான் மனுவே கொடுத்திருக்க மாட்டேன். அதற்கு முன்பே, ஏப்ரலில், ஒரு கொடியோடு நீங்கள் விட்டிருந்தால் இதில் எதுவுமே இல்லை.

சட்டனூகாவுக்குக் கொண்டுவந்திருந்தால் எனக்கு வசதி. தினமும் நடந்தே போய்ப் பார்க்கலாம். ஆனால் மார்லோ கிளினிக்கிலிருந்து அந்தத் தோட்டம் இரண்டு தெரு. லூஷியஸ் நடந்து வர முடியும்.

உங்களைக் குத்த எழுதினேன் என்கிறீர்கள். ஆமாம், அன்று அப்படித்தான் எழுதினேன்.

நான் மார்லோவில் காத்திருப்பேன். தோண்டுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆனிஸ்

*

ஹார்லி கிரீக்
19 நவம்பர் 2017

ஆனிஸ்,

ஃபெர்ன் சுகம். எனக்கு ஒண்ணும் இல்ல, அன்னிக்கு நின்னதுல முழங்கால் வீங்கியிருக்கு.

புதன்கிழமை மண்ணுல ஈரம். மண்வாரி இயந்திரம் உள்ள வர, ஏசா தாத்தா கல்லறை வேலியில ஒரு பக்கத்தைக் கழட்டிக் கொடுத்தேன். வந்தவன் சின்ன வயசு. குடும்பத்தார் யாருன்னு கேட்டான். நான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு. நீ அதை நெனச்சுக் கலங்க வேண்டாம்னுதான் எழுதறேன்.

பாட்டுக் குழுவுல மத்த ரெண்டு பேரும் கோட்டு போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க. நான் வரச்சொல்லல. பெட்டியை மேல தூக்கறப்ப ஒருத்தன் எங்கிட்ட குனிஞ்சு, "ஆரம்பிக்கட்டுமா?"ன்னான். அவன் எந்தப் பாட்டைச் சொல்றான்னு எனக்குத் தெரியும். வேண்டாம்னேன். சர்ச் பாட்டாவது ஒண்ணு பாடலாமேன்னு மத்தவன் கேட்டான். அதுவும் வேண்டாம்னேன். அடிக்குரல் இல்லாம என்னத்தைப் பாடறது? தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னோம். அந்த இயந்திரம் சத்தம் மட்டுந்தான்.

உனக்குத் தெரியாது, நான் வண்டிக்குப் பின்னாலயே மார்லோ வரைக்கும் வந்தேன். வாசல்ல நீயும் கோரினும் நின்னுக்கிட்டு இருந்தீங்க. பக்கத்துல அவர் அந்த மடக்கு நாற்காலியில உக்காந்திருந்தார். பெட்டி வர்றதைப் பாத்ததும் எழுந்திரிக்கப் பாத்தார். கோரின் கையைப் பிடிச்சு நிக்க வெச்சுது. நான் வண்டியை நிறுத்தல. தெருக்கோடி வரைக்கும் போயித் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

இங்க அவன் இருந்த இடத்தை மண் போட்டு மூடிட்டாங்க. மழை பெஞ்சா அமுங்கும், இன்னும் ஒரு வண்டி மண் வேணும்னாங்க. அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல அப்படியே கிடக்கும். வேற யாரையும் வைக்க விடமாட்டேன்.

நான் முன்ன எழுதினது எதையும் திருப்பி வாங்கல. நீயும் வாங்கியிருக்க மாட்ட.

அந்தத் தோட்டத்துக்குப் பின்பக்கமா ஒரு வாசல் இருக்கறதாச் சொல்றாங்க. வியாழக்கிழமை தவிர மத்த நாள்ல அது திறந்திருக்குமான்னு எழுது.

ராய்ஸ்